மாமன் ஊத்துன கிளாஸ்

எனக்குக் கோவம் வரும். ஹேவாஹெட்ட பஜார்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஹார்ட்வெயார் கடை அழகமுத்து நல்ல மனுசன், ஆனா மூக்குக்கு மேல கோவம்னு. இருக்கட்டுமே! கோவமே வராதவன்கிட்ட நான் ஒரு ஆணி கூட வாங்கமாட்டேன். அவன் மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

போன சனிக்கிழமை காலையில என்னையக் கெளப்பிவிட்டவன் கணேஸ். லொறி ஓட்டுறவன், சின்ன வயசுலேருந்து கூட்டாளி. கடைக்குச் சாமான் எடுக்க நான் கண்டி பஸ்ல ஏறப் போறேன், ஓடி வந்து கையப் புடிச்சுக்கிட்டான்.

"அழகு, ஒன் மருமகளுக்குப் பேசியிருக்கிற பையன் கண்டி மஹய்யாவ ஆளுதானே? பிரிண்டிங் பிரஸ்ல மெஷின் ஓட்டுறவன், யுகேஷா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அந்தப் பையன் பார் வாசல்ல விழுந்து கெடந்தத நான் பாத்திருக்கேன்டா. ரெண்டு பேரு தூக்கிட்டுப் போனாங்க. ஒன்கிட்ட சொல்லாம இருக்க மனசு கேக்கல."

எப்ப பாத்தேன்னு நான் கேக்கல. எங்க கேக்குறது? காதுக்குள்ள குய்யின்னு சத்தம். பஸ்காரன் வேற ஹோர்ன் அடிச்சு உயிர வாங்குறான். ஏறி உக்காந்துட்டேன்.

எனக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு சொல்லிடுறேன். என் தங்கச்சி வடிவம்மா புருஷன் ராஜலிங்கம் கசிப்புச் சாராயம் குடிச்சே செத்தவன். அவ மக நிஷாந்தினி அப்ப நடக்கப் பழகுற புள்ள. தங்கச்சியையும் புள்ளையையும் நான்தான் கூட்டியாந்து என் வீட்டுல வச்சுக்கிட்டேன். ராத்திரியில அவன் ஒதைச்ச ஒதையில வடிவம்மாவுக்கு இடது காது இன்னைக்கும் சரியாக் கேக்காது. அந்தக் கதி நிஷாவுக்கு வரக்கூடாது. இந்த ஒலகத்துல எனக்கு வேற ஒண்ணும் வேணாம், இது ஒண்ணு போதும்.

நிஷா நல்லாப் படிச்சு, இப்ப அம்பிட்டியவுல ஒரு நேர்சரியில படிச்சுக் குடுக்குறா. அங்கேயே போர்டிங். இந்தப் பையன அவளாத்தான் விரும்பினா. நான் ஒண்ணும் குதிக்கல, போய்ப் பாத்தேன், பேசுனேன், சரின்னேன். வர்ற வெள்ளிக்கிழமை பரிசம். எங்க பக்கம் தாய்மாமன் கையால மாப்ள வீட்டுத் தட்ட வாங்கினாத்தான் பரிசம். மாமன் வரலைன்னா தட்டு வந்த வழியே திரும்பிப் போயிரும். அப்படி இருக்கையில, நான் கண்ணத் தொறந்துக்கிட்டே ஒரு குடிகாரன் வீட்டுத் தட்டுக்குக் கைய நீட்டுறதா?

நானும் குடிப்பேன்தான். மாசத்துல ஒரு தடவ ரெண்டு தடவ, கடையப் பூட்டிட்டு, ரெண்டு கிளாஸ். அப்புறம் சோறு, அப்புறம் தூக்கம். குடிக்கிறவன் வேற, குடிகாரன் வேற. ஒருத்தன் எந்த ரகம்னு வாயால கேட்டா எவன் சொல்லுவான்? ஊத்திப் பாக்கணும். கிளாஸ எப்படித் தூக்குறான், எப்படி வைக்கிறான், ரெண்டாவதுக்கு எப்ப கை நீளுதுன்னு பாத்தாத் தெரிஞ்சுபோகும். தலாத்துஓயா தாண்டுறதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். சாமானாவது மண்ணாவது. ஃபோனப் போட்டேன்.

"மாப்ள, இன்னைக்கு லீவா? நான் கண்டிக்கு வந்துக்கிட்டிருக்கேன். சும்மா சேந்து ஊரச் சுத்திப் பாப்போமா?"

அந்தப் பக்கம் அப்படி ஒரு சந்தோசம். "வாங்க மாமா! லீவுதான். மியூசியம் பாத்திருக்கீங்களா? தலதா மாளிகாவுக்குப் பின்னால இருக்கே, அங்க போவோமா?"

மியூசியமாம்! கண்டிக்கு இத்தன வருசமா போய் வர்றேன், பைப்பும் பெயின்டும் தவிர வேறெதையும் கண்ணெடுத்துப் பாத்ததில்ல. "போவோம் மாப்ள, எங்க வேணும்னாலும் போவோம்"னேன். பஸ் அம்பிட்டியவத் தாண்டுனப்ப நிஷாவுக்கு ஒரு வார்த்த சொல்லலாமான்னு நெனச்சேன். வேணாம், அவ சொன்னா பையன் உசாராயிருவான்னு விட்டுட்டேன்.

யுகேஷ் குளத்துப் பக்கம் நின்னான். இஸ்திரி போட்ட சேர்ட்டு, சவரம் பண்ணுன மொகம். நல்லாத்தான் இருந்தான், கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பக்கத்துல வந்ததும் பாத்தேன், வாயில டொபி. பாக்கெட்டுலயும் டொபி. எனக்கும் ஒண்ணு நீட்டுனான்.

"இந்த வயசுல டொபியா மாப்ள?"

"பழகிப்போச்சு மாமா."

ஆஹா, வாசனைய மறைக்கத்தான்னு எனக்குள்ள ஒரு பொறி. குடிகாரன் படிக்காத வித்தையா? ராஜலிங்கம் ஏலக்காய் மெல்லுவான்.

மியூசியத்துக்குள்ள போனோம். கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெத்தலத் தட்டு, சுண்ணாம்புச் சிமிழ், ராசா காலத்துச் சீப்பு, கத்தி, வில்லு. பையன் ஒவ்வொண்ணுக்கும் முன்னால நின்னு எழுதியிருக்கிறத முழுசா வாசிக்கிறான். "மாமா, இந்தப் பாக்குவெட்டியப் பாருங்க, குதிரத் தல வச்சு செஞ்சிருக்காங்க"ங்குறான். நான் பாக்குவெட்டிய எங்க பாத்தேன்? அவன் கையத்தான் பாத்தேன். நடுங்குதா இல்லையா? நடுங்கல. கண்ணு செவந்திருக்கா? இல்ல. எனக்கு அது நிம்மதியா இருக்கணும்தானே? இல்லையே! எரிச்சலாத்தான் இருந்துச்சு. கைதேர்ந்தவன் போல, இன்னைக்குன்னு பாத்து ஒழுங்கா வந்திருக்கான்னுதான் தோணுச்சு.

ரெண்டாவது அறையில ஆளு யாரும் இல்ல. யுகேஷ் அந்த டொபித் தாள சின்னதா மடிச்சுக்கிட்டே என் பக்கம் திரும்புனான்.

"மாமா, ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும். நிஷாவுக்கு எல்லாம் தெரியும். பரிசத்துக்கு முந்தி ஒங்ககிட்டயும் நானே சொல்லிடணும்னுதான்…"

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அவன் தோள்ல ஒரு தட்டுத் தட்டி, "அதெல்லாம் ஒரு எடத்துல உக்காந்து ஆறுதலாப் பேசுவோம் மாப்ள, வாங்க"ன்னு இழுத்துட்டு வந்துட்டேன். சம்பளத்தப் பத்தியோ, வீட்டப் பத்தியோ ஏதோ சொல்லப் போறான்னு நெனச்சேன். எனக்கு அதுவா முக்கியம்? எனக்கு அவன பார்ல உக்கார வைக்கணும்.

மொத பார் மார்க்கெட்டுக்குப் பக்கத்துல மாடியில. படிக்கட்டுக்குக் கீழ வந்ததும் பையன் நின்னுட்டான்.

"மாமா, இங்க வேணாமே. தேத்தண்ணிக் கடை ஒண்ணு இருக்கு, வட சூடா இருக்கும்."

"தேத்தண்ணி குடிக்கவா நான் ஹேவாஹெட்டயிலேருந்து வந்தேன்? தேயிலைக்குள்ளேயே கெடக்கிறவன்யா நான். ஏறுங்க."

ஏறுனான். கதிரையோட நுனியில உக்காந்தான். நான் கால் போத்தல் சாராயமும் சோடாவும் காரமா டெவல் பண்ணுன கோழியும் சொன்னேன். ரெண்டு கிளாஸ் வந்துச்சு.

"எனக்கு சோடா மட்டும் போதும் மாமா."

எங்க ஆளுங்க பழக்கம் ஒண்ணு இருக்கு. வீட்டுக்கு வந்தவங்கள தேத்தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டா, இப்பதான் குடிச்சிட்டு வர்றோம்னுதான் சொல்லுவாங்க. கேட்ட ஒடனே சரின்னா அலையிறான்னு பேரு வந்துரும். வேணாம்னா இன்னொருக்கா கேளுன்னு அர்த்தம். மறுபடியும் வேணாம்னா இன்னும் கொஞ்சம் வற்புறுத்துன்னு அர்த்தம். மூணாந்தரம் கேட்டுட்டு, ஊத்தி கையில குடுத்துட்டா, குடிச்சிருவாங்க. சோத்துக்கும் இதுதான், சாராயத்துக்கும் இதுதான். வேணாங்குறவங்கள அப்படியே விட்டுட்டு எந்திரிச்சா, அழகமுத்து வீட்டுல ஒரு வாய் தண்ணி கூட குடுக்கலன்னு அடுத்த தோட்டம் வரைக்கும் பேச்சுப் போகும்.

அதனால கேட்டேன். வேணாம்னான். மறுபடி கேட்டேன். "நெசமாவே வேணாம் மாமா"ன்னான். அட, பொண்ணு பாக்க வந்த எடத்துல பலகாரத்த வேணாங்குற மாதிரியே சொல்றானேன்னு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். மூணாந்தரமும் கேட்டேன். தலைய ஆட்டிக்கிட்டு எந்திரிச்சு, கை கழுவிட்டு வர்றேன்னு போனவன், ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தான். மொகமெல்லாம் தண்ணி. என்னத்தையோ சொல்ல வாயெடுத்தான். நான், "இந்த எடம் சரியில்ல, சத்தமா இருக்கு, வாங்க நல்ல எடத்துக்குப் போவோம்"னேன். என் கிளாஸ மட்டும் முடிச்சுக்கிட்டேன்.

ரெண்டாவது பார் ஒசந்த கூரை போட்ட பழைய ஹோட்டல் ஒண்ணுல. ஃபேன் மெதுவா சுத்துது. வெளிய மழ தூறுது. ரெண்டு வெள்ளக்காரங்க மூலையில உக்காந்து மேப் பாக்குறாங்க. எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் ஏறியிருந்துச்சு. கோவமும் ஏறியிருந்துச்சு. இந்தப் பையன் என்னைய ஆழம் பாக்குறான், நானா அவனான்னு பாத்துருவோம்னு அர போத்தலாச் சொன்னேன். இந்தத் தடவ கேக்கவே இல்ல. ரெண்டு கிளாஸ்லயும் ஊத்தி, ஒண்ண அவன் முன்னால தள்ளுனேன்.

அவன் அந்தக் கிளாஸப் பாக்கல. சன்னலப் பாத்தான்.

"மாமா, நான் குடிக்கிறதில்ல. காரணத்தச் சொல்றேன், கொஞ்சம் கேளுங்க."

பொய் சொல்றான்! கணேஸ் கண்ணால பாத்திருக்கான், இவன் என் மூஞ்சிக்கு நேரா குடிக்கிறதில்லங்குறான். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. மேசையில ஒரு அடி அடிச்சேன், அந்த வெள்ளக்காரங்க கூடத் திரும்பிப் பாத்தாங்க.

"மாமன் ஊத்துனத வச்சுட்டு எந்திரிப்பீங்களா நீங்க? அவ்வளவு பெரிய ஆளா? இந்த ஒரு கிளாஸ எனக்காகக் குடிக்கமாட்டீங்கன்னா, வெள்ளிக்கிழம நான் வரமாட்டேன். தட்ட யாரு வாங்குறான்னு பாத்துருவோம்."

சொல்லிட்டேன். அவன் மொகம் வெளுத்துப்போச்சு.

"குடிச்சா வருவீங்களா மாமா?"

"வருவேன்."

"நிஷாகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டீங்களே?"

"மாட்டேன்யா, குடி."

எடுத்தான். சோடா கலக்கல. ஒரே மடக்கு. மொகம் சுளிக்கல, இருமல, கோழிக்குக் கை நீட்டல. கண்ண மூடிக்கிட்டு அப்படியே இருந்தான். பழகுன தொண்டை. எனக்குத் தெரியாதா? ராஜலிங்கம் இப்படித்தான் குடிப்பான். சிக்கிட்டான்டா பயன்னு எனக்கு ஒரு வெறி. சந்தோசம்னு கூட சொல்லலாம், வெக்கமா இருந்தாலும் அதுதான் உண்ம. என் மருமகளக் காப்பாத்திட்டேன்ல!

"இருங்க மாப்ள, வந்துர்றேன்"னுட்டு வராந்தாவுக்குப் போய் வடிவம்மாவுக்குப் போன் பண்ணுனேன். "பையன் குடிகாரன்டி. என் கண்ணால பாத்துட்டேன். பரிசத்த நிப்பாட்டு"ன்னேன். அவ அந்தப் பக்கம் ஓன்னு அழுதா. அழட்டும், இப்ப அழுதா பின்னால அழ வேண்டியதில்லன்னு சமாதானம் சொல்லிட்டு உள்ள வந்தேன்.

கதிரை காலி. அவன் கிளாஸும் காலி, என் கிளாஸும் காலி. அர போத்தல்ல இருந்தது அத்தனையும் காலி.

வெயிட்டர்கிட்ட எங்கன்னு சைகையில கேட்டேன். வாசலக் காட்டுனான். நான் கதிரையப் புடிச்சுக்கிட்டு நிக்கையில நிஷாந்தினி போன் பண்ணுனா.

"மாமா, அவரு எங்க?"

"அந்தக் குடிகாரப் பயல விடு தாயி, ஒங்கம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன்…"

"அவரு எங்கன்னு கேக்குறேன்!" இந்தப் பொண்ணு என்கிட்ட சத்தம் போட்டுப் பேசுனதே இல்ல. "அம்மா இப்பதான் சொன்னாங்க. நீங்க ஊத்திக் குடுத்தீங்களா மாமா? அவரு குடிச்சாரா?"

"குடிச்சான். மூஞ்சி கூட சுளிக்கல."

அப்புறம் அவ அழாம, ஒவ்வொரு வார்த்தையா, நேர்சரிப் புள்ளைங்களுக்குச் சொல்றாப்ல எனக்குச் சொன்னா.

"மாமா, அவரு பழைய குடிகாரர். ரோட்டுல விழுந்து கெடந்தவரு. மாத்தளப் பக்கம் ஒரு மறுவாழ்வு நிலையத்துல இருந்து, விட்டுட்டு வந்தாரு. என்னைய விரும்புறேன்னு சொல்றதுக்கு முன்னாலயே இதச் சொல்லிட்டாரு. ரெண்டு வருசத்துக்கு மேல ஒரு சொட்டு தொட்டதில்ல. ஆச வந்தா டொபியப் போட்டுக்குவாரு. தொட்டா நிக்காதாம். அவருக்கு ஒண்ணுன்னு ஒரு கணக்கே கெடையாதாம். ஒங்ககிட்ட இன்னைக்கு சொல்லப் போறேன்னு காலையில எனக்குப் போன் பண்ணுனாரு, அவ்வளவு சந்தோசமா. சொல்லலையா?"

மியூசியத்துல சொல்ல வந்தான், நான் விடல. படிக்கட்டுல வேணாம்னான். மூணு தரம் வேணாம்னான். காரணத்தச் சொல்றேன் கேளுங்கன்னான். இத்தனைக்கும் நான் கேட்டேனா? பாவி மனுசன், இன்னொருக்கா கேளுன்னுதானே எடுத்துக்கிட்டேன்.

"தேடுங்க மாமா," அவ சொன்னா. "நானும் வர்றேன். அவர இந்த நெலமையில தனியா விடக்கூடாது."

மழையில எறங்குனேன். குளத்தச் சுத்தி வாகனம் நெருக்கி நிக்குது, பெரஹரா ஊர்வலத்துக்குக் கூடுன கூட்டம் மாதிரி சனம். மாடியில இருந்த அந்த மொத பாருக்கே ஓடுனேன். அங்க இல்ல. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒண்ணு, அங்கயும் இல்ல. பஸ் ஸ்டேண்டுக்கு மேல ஒண்ணுல, இப்பதான் ஒரு ஆளு நின்னுக்கிட்டே ரெண்டு குடிச்சிட்டுப் போனான், நனைஞ்சிருந்தான்னாங்க. அவனேதான்! எந்தப் பக்கம்? கையக் காட்டுனாங்க. ரோட்டக் கடக்கையில ஒரு வேன்காரன் என்னைய இடிக்கப் பாத்துட்டு அம்மாவயும் அப்பாவயும் இழுத்துத் திட்டுனான். வேற நாளா இருந்தா நான் அவன் சட்டையப் புடிச்சிருப்பேன். அன்னைக்கு அவனக் கும்புட்டுட்டு ஓடுனேன்.

குளத்துல விழுந்திருப்பானோ? ரயில் ரோட்டுப் பக்கம் போயிருப்பானோ? முருகா, பையன் உசுரோட இருந்தாப் போதும், பரிசம் எக்கேடோ கெட்டுப் போகட்டும்னு வாய் விட்டே சொல்லிக்கிட்டு நடந்தேன். அப்புறம் ஒரு த்ரீவீலப் புடிச்சு மஹய்யாவ பக்கம் விடச் சொன்னேன். எங்க விழுந்தாலும் சொந்த எடத்துல போய்த்தானே விழுவான்.

ரோட்டுக்குக் கீழ எறங்குற படியில ஒரு சாராயத் தவறண. பலகை பெஞ்சு, ஈரச் சிமெந்து, பீடிப் பொக. அங்கதான் இருந்தான். செவுத்துல சாஞ்சு, ரெண்டு கையாலயும் கிளாஸப் புடிச்சுக்கிட்டு. சட்டையெல்லாம் நனைஞ்சு ஒடம்போட ஒட்டியிருந்துச்சு. வாசல்ல நின்னே நிஷாவுக்குப் போன் போட்டு எடத்தச் சொல்லிட்டு உள்ள போனேன்.

"வந்துட்டீங்களா மாமா. உக்காருங்க"ன்னான். ரொம்ப மரியாதையா. அந்த மரியாதைதான் என்னையக் கொன்னுச்சு.

"எந்திரி மாப்ள. போதும். வா வீட்டுக்குப் போவோம்."

"போதுமா?" சிரிச்சான். "எனக்குப் போதும்னா என்னன்னு தெரியாது மாமா. அதத்தான் ஒங்ககிட்ட காலையிலேருந்து சொல்ல வந்தேன்."

கிளாஸப் புடுங்குனேன். விடல. இழுத்த இழுப்புல பாதி என் மேலயே ஊத்துச்சு. பக்கத்துல இருந்தவங்க சிரிக்கிறாங்க, சிங்களத்துல ஏதோ கேலி பண்றாங்க. "வாய மூடுங்கடா!"ன்னு கத்துனேன். அப்புறம் அவன் பக்கத்துல பெஞ்சுல உக்காந்துட்டேன்.

"என்னைய மன்னிச்சிரு மாப்ள. எனக்குத் தெரியாது. கணேஸ் பய சொன்னான்னு நான்…"

"மொத கிளாஸ் நீங்க ஊத்துனது மாமா." நாக்கு குழறுச்சு, ஆனா யோசிச்சுப் பேசுனான். "மத்தது எல்லாம் நானா ஊத்திக்கிட்டது. நிஷாகிட்ட அப்படியே சொல்லுங்க. மாமாவக் குத்தம் சொல்ல வேணாம்னு சொல்லுங்க."

நான் அவன் மணிக்கட்ட இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். மியூசியத்துல நான் தேடுன நடுக்கம் இப்ப இருந்துச்சு. விட்டா மறுபடியும் கவுன்டருக்குப் போயிருவான்னு பயம். கவுன்டர்ல நின்ன மொதலாளிகிட்ட, இந்தப் பையனுக்கு இனி ஒரு சொட்டு குடுத்தா நான் மனுசனா இருக்கமாட்டேன்னு கத்தி வச்சேன். அவன் தோளக் குலுக்கிட்டு வேற ஆளுக்கு ஊத்துனான். யுகேஷ் என் காதுகிட்ட வந்து, "மாமா, இன்னும் ஒண்ணே ஒண்ணு வாங்கித் தாங்களேன்"ன்னு கெஞ்சுனான். கெஞ்சக் கெஞ்ச நான் வேணாம் வேணாம்னேன். எத்தன தரம் கேட்டானோ!

நிஷா வந்தது எனக்கு முதுகுப் பக்கம். தவறணயில பேச்சு நின்னதும்தான் திரும்புனேன். பொம்பளைங்க எறங்கி வர்ற எடமா அது? நேர்சரிக்குக் கட்டுற சேலையோட, தோள்ல பையோட நிக்கிறா. மொதலாளி, "மிஸ், மிஸ், உள்ள வரக்கூடாது"ன்னு கைய ஆட்டுறான்.

"நான் இங்க நிக்க வரல, கூட்டிட்டுப் போக வந்தேன்"ன்னா.

நேரா அவன்கிட்ட வந்தா. என்னையப் பாக்கவே இல்ல. அவன் மொகத்த ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டான்.

"நிஷா, நான்… என்னைய விட்டுட்டுப் போ."

"தெரியும். எந்திரிங்க. எந்திரிக்க முடியுமா?"

அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், படியில தூக்கி ஏத்துனோம். அவ வந்த த்ரீவீல் மேல நின்னுச்சு. அவன உள்ள சாச்சு உக்கார வச்சோம். மழ விட்டிருந்துச்சு.

"தாயி, நான் ஒங்கம்மாகிட்ட பேசி எல்லாத்தையும் சரி பண்ணிடுறேன். வெள்ளிக்கிழம பரிசம் நடக்கும். நானே முன்னால நின்னு நடத்துறேன். தட்ட நானே வாங்குறேன்."

அப்பதான் என்னைய நிமிந்து பாத்தா. அவ கண்ணுல கோவம் இருந்திருந்தா நான் தாங்கியிருப்பேன். நானும் கோவக்காரன், எனக்கு அது பழகுன மொழி. கோவம் இல்ல.

"பரிசம் வேணாம் மாமா."

"இவன வேணாங்குறியா?"

"இவர வேணாங்கல. பரிசத்த வேணாங்குறேன். கல்யாண வீட்டையும் வேணாங்குறேன். வீடு நெறைய ஆளு வருவாங்க. சித்தப்பா, பெரியப்பா, மச்சான், மாமான்னு ஒவ்வொருத்தரும் ஒரு கிளாஸோட வருவாங்க. இவரு வேணாம்பாரு. நம்ம ஆளுங்களுக்கு அது கேக்காது. எத்தன பேரு கைய நான் புடிக்கிறது?" சேல முந்தானையால அவன் தலையத் தொடச்சா. "இப்ப மாத்தளைக்குத்தான் போறோம். அங்க என்ன சொல்றாங்களோ அது. அப்புறம் நாங்க ரெண்டு பேரும் போய்க் கையெழுத்து வச்சுக்கிறோம்."

"நான் வரட்டுமா? சாட்சிக்காவது?"

"வேணாம் மாமா."

என் வாய் என்ன வாயோ, பழக்கம் விடுமா? "சொல்லு தாயி, எப்ப போறீங்கன்னு சொல்லு, நான் ஒரு ஓரமா நின்னுட்டுப் போயிர்றேன்"னு மறுபடியும் கேட்டேன்.

"வேணாம்னா வேணாம்தான் மாமா"ன்னுட்டு ஏறிக்கிட்டா. த்ரீவீல் கெளம்பி, மாத்தள ரோட்டுப் பக்கம் திரும்பிப் போயிருச்சு. யுகேஷ் அவ தோள்ல சாஞ்சிருந்தது மட்டும் பின்னால கண்ணாடியில தெரிஞ்சுச்சு.

நான் ரோட்டோரத்துல நிக்கிறேன். சட்டையெல்லாம் சாராய வாடை. போறவங்க வர்றவங்க மூக்கப் பொத்திக்கிட்டு ஒதுங்கிப் போறாங்க. அழுகையா வந்துச்சு, அழுதேன். பஜார்ல என்னையத் தெரிஞ்சவன் எவனாவது பாத்திருந்தா நம்பியிருக்கமாட்டான்.

வடிவம்மா போன் பண்ணுனா. நல்ல காதுல வச்சுக்கிட்டுத்தான் பேசுவா, அப்பவும் கத்தித்தான் பேசுவா.

"அண்ணே, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் பரிசம் இல்லன்னு சொல்லணுமே, என்ன காரணம் சொல்றது? எனக்கு இன்னமும் மனசு ஆறல. நெசமாத்தான் கேக்குறேன், அந்தப் பையன் குடிக்கிறவனாண்ணே?"

"இல்லடி," நான் சொன்னேன். "நான் ஊத்துற வரைக்கும் குடிக்கல."